பதினோரு அடி

சிமெண்ட் கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீரை
ருபார்ப் செடியின் தலையில் கொட்டிவிட்டான் டுடுர்.
கெட்ட கொத்தன் இல்லை.
எங்கே கொட்டட்டும் என்று கேட்கத்தான் செய்தான்.
நான் போனில் பேசிக்கொண்டே கையை வீசினேன்.
கை எந்தப் பக்கம் போனதென்று எனக்கே தெரியாது.

வீடு நீண்டதில் தோட்டத்துக்குப் பதினோரு அடி போச்சு.
உருளைக்கிழங்குப் பாத்தி இருந்த இடத்தில்
இப்போது கெதினின் கட்டில்.
மாடி ஏறாத முழங்கால்களுக்காகக்
கீழேயே ஓர் அறை,
குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள வெள்ளைக் கம்பி.
முதல் ராத்திரி கூரையைப் பார்த்தபடி சொன்னார்:
"தொண்ணூற்றிரண்டில் என் தலைமாட்டுக்கு நேர் கீழே
ஒரே செடியில் பதினேழு கிழங்கு."
விளக்கை அணைத்தேன்.

வெளியே மண் என்று சொல்ல ஒன்றுமில்லை.
நாலு மாதம் லாரிச் சக்கரமும் செங்கல் அடுக்கும்
மிதித்து மிதித்துப் பலகையாக்கிய களி.
கடப்பாரை பட்டால் டங்கென்றது.
தோண்டத் தோண்ட
ஓட்டுச்சில், வளைந்த ஆணி, சிப்ஸ் பாக்கெட்,
யாரோ ஒருவரின் இடதுகைக் கையுறை,
பிறகு பிடி உடைந்த ஒரு டீக்கோப்பை.
எங்கள் வீட்டுக் கோப்பைதான்.
மார்ச் மாதம் முழுக்கத் தேடி
டுடுரின் தம்பி மேல் சந்தேகப்பட்டிருந்தேன்.

ஸ்வான்சியில் மழை ஆளைக் கேட்டுப் பெய்வதில்லை.
குழியில் நின்ற தண்ணீர் மூன்று நாளாக இறங்கவில்லை.
நாலாம் நாள் ஒரு கடற்காகம் வந்து
கால் நனைத்துவிட்டுப் போனது,
கடல் இவ்வளவுதானா என்பதுபோல.

வேலை தொடங்கும் முன்பே
செடிகளைத் தெருவெங்கும் அடைக்கலம் வைத்திருந்தேன்.
இப்போது தள்ளுவண்டியோடு கதவு கதவாக,
வட்டிக்காரி மாதிரி.
பதினாறாம் எண்ணில் ரோஸ்மேரி செத்துவிட்டதாம்.
சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
உள்ளே அடுப்பில் ஆட்டுக்கறி
ரோஸ்மேரி மணக்க வெந்துகொண்டிருந்தது.

கூஸ்பெரிப் புதர் கெய்ன்வென் வீட்டில்.
தொட்டியோடுதான் கொடுத்தேன்,
அவள் தரையில் வைத்துவிட்டாள்.
சுற்றிலும் சிப்பி அடுக்கி, பறவைக்கு வலை கட்டி,
பக்கத்தில் உட்கார ஒரு மர முக்காலி.
"உங்களுடையதுதானே, எடுத்துக்கோங்க" என்றாள்.
மண்வெட்டி கொண்டுவர உள்ளே போனாள்.
மண்வெட்டி வாசலிலேயே சாத்தியிருந்தது.
வெகுநேரம் அவள் வரவில்லை.
காலி வண்டியின் சக்கரம் கிறீச்சிடாமல்
மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஹைட்ராஞ்சியா மட்டும் திரும்பிவந்தது, நீலப் பூவோடு.
புதுச் சுவரோரம் வைத்தேன்.
மறு கோடையில் இளஞ்சிவப்பாகப் பூத்தது,
சுவரின் சுண்ணாம்பைக் குடித்து.
"யார் வீட்டுச் செடி இது?" என்றார் கெதின்.

அதற்கும் முன்னால் நிழல் விஷயம்.
காலை முழுக்க அவர் அறையின் நிழல்தான்
தோட்டத்தில் படுத்துக் கிடக்கிறது.
எங்கே வெயில், எத்தனை மணிக்கு, எனக்குத் தெரியவில்லை.
ஒரு நாள் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டார்.
மருந்துக்கடை உறையின் பின்பக்கத்தில் பென்சிலால்:
9.10 குழாய். 10.25 துணிக்கொடிக் கம்பம்.
11.40 வேலி, மூன்றாம் பலகை.
கீழே கோணலாக, அவரைக்கு அங்கே.
இரண்டு வாரமாகக் கணக்கெடுத்திருக்கிறார்.
தூங்குகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அவரை அங்கேதான் ஏறியது.

உருளைக்கிழங்குக்கு நிலம் மிச்சமில்லை.
மாடியிலிருந்து டுடுர் பெயர்த்துப் போட்ட
பழைய குளியல் தொட்டி வேலியோரம் கிடந்தது.
ஜன்னலுக்கு நேரே இழுத்துவந்தோம்,
அடைப்பானைப் பிடுங்கி, சரளை போட்டு, மண் நிரப்பி.
ஆகஸ்டில் இலை மஞ்சளானதும்
கை விட்டுத் துழாவினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து
எத்தனை என்று விரலை ஆட்டினார்.

பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

உள்ளே போனபோது உறை மடியில் இருந்தது.
தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாக நான் எடுக்க எடுக்கப்
போட்ட கோடுகள்.
ஆறு.