பதினாலாம் நம்பர் வலை

பைக் அப்படியொன்றும் பெரிதில்லை.
இருநூற்றைம்பது சிசி.
கண்டியில் ஒருவர் அதற்குப் பெரிய ஃபேரிங் பூட்டி
இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்து
தீவைச் சுற்றிவரக் கிளம்பினார்.
முதுகு இடம் கொடுக்கவில்லை.
எனக்கு விற்றார்.

ஸ்பீக்கர் மூடிகள் பிளாஸ்டிக்.
ஒவ்வொன்றிலும் ஏழு கீறல்,
அரைத்தூக்கத்தில் திறந்த இமை அளவுக்கு.
இடப்பக்க மூடி
ஒரு ஸ்குரூவையும் கறுப்பு டேப்பையும் நம்பியிருந்தது.

எனக்குக் குறையில்லை.
பின்னால் உட்காரும் வேதவல்லிக்குத்தான்.
"ரேடியோவுல என்னா சொல்றான்?"
தலவாக்கலையில் ஏறி நானுஓயா வருவதற்குள்
முப்பது தடவை.
செய்தியை வாங்கி
தோளுக்கு மேலால் திருப்பி வாசிப்பேன்.
பாதி ஹெல்மெட்டுக்கு, பாதி காற்றுக்கு.

பதினாறு வருசம் பெக்டரியில், சலிக்கிற அறையில்.
அங்கே கையால்தான் பேச்சு.
தடித்த சத்தமெல்லாம் இன்னும் கேட்கும் அவளுக்கு:
லொறி, இடி, என் குறட்டை.
மெலிந்த எழுத்துகள்தான்
ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன.
தங்கச்சி சரசு வருகிறாள் என்றேன் ஒருநாள்.
"அரசா? அது எதுக்கு இங்க வருது?"
சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

நுவரெலியா டொக்டர் ஒரு தாளில் கோடு காட்டினார்.
பாதிவரை மட்டமாக வந்து
அங்கிருந்து பள்ளத்தில் விழுகிற கோடு.
காதுக்கு வைக்கிற மிஷினின் விலையையும் சொன்னார்.
வெளியே வந்து ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம்.

கொழும்பிலிருந்து புது மூடி எடுப்பித்தேன்.
ஜோடி எட்டாயிரத்து ஐந்நூறு.
பளபளப்புக்குக் குறைவில்லை.
ஃபேரிங்கில் மூன்று துளை, மூடியில் நான்கு.
திருப்பி அனுப்பத் தபால் காசு என் தலையில்.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
தூள் தரம் பார்க்கிற அதே பார்வை.
"இதுக்குக் கண்ணு பத்தாது" என்றாள்.
"மேலால வர்றது எல்லாம் உள்ளயே தங்கிரும்."

மூன்றாம் நாள் கேட் பாஸோடு வந்தாள்.
'கழித்த வலை, 14ஆம் நம்பர், துண்டு ஒன்று.'
ஸ்டோர்காரர் கையெழுத்து, செக்கியூரிட்டி கையெழுத்து,
இன்னொன்று யாருடையதென்று தெரியவில்லை.
ஒரு முழம் கம்பிக்கு மூன்று பேர் ஜாமீன்.

பிஸ்கட் பெட்டி அட்டையில் அச்சு வெட்டினேன்.
கம்பி வெட்ட வெட்ட விரலில் பூ பூவாக இரத்தம்.
சோற்றுச் சட்டியின் அடியில் வைத்து
வளைவு வரும்வரை மரச்சுத்தியலால் தட்டினேன்.
சட்டி இப்போது கொஞ்சம் ஆடும், அது வேறு கதை.
பழைய பிரிட்ஜ் கதவின் ரப்பர் சுற்றிவர.
மழைத்தண்ணி இறங்க அடியில் இரண்டு துளை.
கறுப்பு அடிக்கலாமா என்று கேட்டேன்.
"அடிச்சா கண்ணு அடைபடும். சும்மா விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோவைத் திருகியதும்
வலையிலிருந்து பொடி உதிர்ந்தது,
டேங்க் மேல், தேயிலைத்தூள்,
ஒரு சிட்டிகைகூட இல்லை.
அவள் தொட்டுப் பார்த்து
"டஸ்ட் வன்" என்றாள்.

டெவன் தாண்டி, பனி.
முன்னால் பஸ், பஸ்ஸுக்கு முன்னால் இன்னும் பனி.
நான் வழக்கம்போல வாசிக்கத் தொடங்கினேன்:
"மத்திய மாகாணத்தில் மழை..."
முதுகில் ஒரு தட்டு.
"சும்மா இருங்க."

இரண்டு வளைவு.
மூன்றாவதில் அவள் நாடி என் தோளில் வந்து முட்டியது.
நாட்கூலிப் பேச்சு திங்களுக்குத் தள்ளிப்போனதாம்.
அதைப் பற்றி ஒன்றும் சொல்வாளென்று இருந்தேன்.

"அந்தாளுக்குத் தடிமன்" என்றாள்.
"ஸ்ஸு ஸ்ஸுன்னு மூக்க உறிஞ்சுறான்.
உங்களுக்குக் கேக்கலியா?"

எனக்குக் கேட்கவில்லை.