அளபெடை

புதுவயல் ஆலைகளில் நெல் அவியும் நேரம்
எனக்கு முதல் பீரியட், ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
ஒற்றைப்படை எண்கள் பெஞ்சில்,
இரட்டைப்படை எண்கள் போனில்.
அடுத்த பருவத்தில் மாறும் என்றார்கள்.
போன் என்னுடையது, இன்னும் நான்கு தவணை பாக்கி.
அதை நிறுத்திவைக்கச் சாக்பீஸ் டப்பா,
அதன்மேல் போன வருடத்துப் பதிவேடு,
வழுக்காமலிருக்க ஈர டஸ்டர்.

முதல் வாரம் போனைப் பார்த்தே நடத்தினேன்.
"டீச்சர், நாங்க இங்க இருக்கோம்" என்றான் அடைக்கலம்.
இரண்டாம் வாரம் பெஞ்சைப் பார்த்தேன்.
"டீச்சர், உங்க முதுகு மட்டும் தெரியுது" என்றது போன்.
மூன்றாம் வாரம்
இரண்டுக்கும் நடுவில் கதவைப் பார்த்துப் பேசினேன்.
அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

வருகை எடுப்பதுதான் பெரும்பாடு.
"உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நிற்பவர்களுக்கு டிக்.
எழாமல் ஒலிப்பவர்களுக்கு என்ன போடுவது?
புள்ளி வைத்தேன்.
எழுத்தர் காசிலிங்கம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்,
"என்னம்மா இது, கோலமா?"
"மெய்யெழுத்து சார்."
மெய் வராதவர்களுக்கு மெய்யின் அடையாளம்.
அவர் சிரிக்கவில்லை.
மேலிடத்துப் படிவத்தில் புள்ளிக்குக் கட்டம் கிடையாதாம்.

பள்ளி விட்டும் விடுவதில்லை.
"காரைக்குடி ஒண்ணு... கேக்குதா?"
கண்டக்டர் சில்லறையை எண்ணியபடி சொல்கிறார்,
"எனக்குக் காது இருக்கு டீச்சர்."

பதினான்காம் எண் சேவுகன்.
அப்பா மூட்டை தூக்கும் ஆலையில், அப்பாவின் போனில்.
அவன் வாய் திறந்தால் எந்திரமும் திறக்கும்.
"மைக்கை அணைடா" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.
அணைத்தான்.
பதினொரு நாள் அணைத்தே வைத்திருந்தான்.
கறுப்புக் கட்டம், நடுவில் அவன் அப்பாவின் பெயர்.
பன்னிரண்டாம் நாள் நானே கேட்டேன்,
"சேவுகா, அந்தச் சத்தத்தோடயே சொல்லு."
வகுப்பெங்கும் உமி பறந்ததுபோல் இரைச்சல்.
அதற்குள் எங்கோ
சரியான விடை.

இருபதாம் எண் சகாயமேரி.
பினாங்கில் இருப்பவர்களின் வீட்டுக்கு அவள் அம்மா காவல்.
அறுபது கதவுள்ள வீட்டில்
சிக்னல் கிடைப்பது பட்டாலையில் மட்டும்.
அவள் "உள்ளேன்" என்றால்
தூண்களும் "உள்ளேன்" என்கின்றன.
ஆளில்லாத வீடு வருகை சொல்கிறது.
நான் ஒரு புள்ளிதான் வைப்பேன்.

அன்று அளபெடை.
செய்யுளில் ஓசை குறைந்தால் நெடில் நீளும்,
தன் இனத்துக் குறிலைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும்
என்று சொல்லிக்கொண்டிருக்கையில்
சகாயமேரி ஏதோ கேட்க வந்தாள்.
"டீ" என்றதும் உறைந்தாள்.
திறந்த வாய், பாதி இமை.
பிறகு, மிகவும் பிறகு,
"இஇச்சர்."
"அளபெடை!" என்று துள்ளினான் அடைக்கலம்.

பெஞ்சுகள் சிரித்தன. நானும்.
சிரித்து ஓய்ந்து சாக்பீஸை எடுக்கும்போது
போன் சிரித்தது,
ஆலைக்குள்ளிருந்து, தூண்களுக்கிடையிலிருந்து,
யாரோ வீட்டுத் தையல் எந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து,
முடிந்துபோன ஒன்றுக்காக.
அதைக் கேட்டுப் பெஞ்சுகள் மறுபடி சிரித்தன.
அது அங்கே போய்ச் சேர
அங்கிருந்து இன்னொன்று.
மணி அடித்துவிட்டார்கள்.
பாடத்தில் பாதி நின்றுவிட்டது.

இப்போதெல்லாம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.
குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
புதுவயலிலிருந்து புதுவயலுக்கு ஐந்து, மழையென்றால் ஒன்பது.
கண்ணிமைத்து எண்ணுகிறேன்.
ஜன்னல் வழியே தலைமையாசிரியர் பார்த்துவிட்டுப் போகிறார்,
கரும்பலகை முன்னால் ஒரு டீச்சர்
சும்மா நின்றுகொண்டிருப்பதை.