ஆமாம் போட்ட விளக்கு

மூன்றரைக்கு அடுமனை திறக்கும்.
மூன்று பத்துக்கு நான் பாலத்தில் இருப்பேன்.
இது ஓலு. டிசம்பரில் இங்கே
விடியல் என்பது பத்து மணிச் சமாச்சாரம்.

புதிதாக வாங்கிய முன்விளக்குக்கு
ஒரே ஒரு கெட்ட பழக்கம்.
பள்ளமோ மேடோ, எது வந்தாலும்
ஆமாம் சாமி போட்டுவிடும்.
பாலத்தில் ஏறும்போது பாதையைப் பார்க்கும்;
இறங்கும்போது என் முன்சக்கரத்தையே
குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்,
சில்லறையைத் தவறவிட்டவனைப் போல.

எஸ்கோ கறுப்பு டேப் சுற்றினான்.
மைனஸ் பத்தொன்பதில் டேப்
அப்பளமாய் நொறுங்கியது.
"இன்னும் கொஞ்சம் முறுக்கு" என்றார் தபானி,
அடுப்புக்குள் தலையை விட்டபடி.
முறுக்கினேன். பிளாஸ்டிக் வளையம் முனகியது.
அந்த முனகல் எனக்குத் தெரியும்.
மாவு பிசையும் இயந்திரமும்
உடைவதற்கு முந்தின நாள் அப்படித்தான் முனகிற்று.
கையை எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்த்தேன்.
விளக்கின் பிடி முப்பத்தொரு மில்லிமீட்டர்த் தடிமனுக்கு.
என் ஹேண்டில்பார் பழைய இரும்பு,
இருபத்தைந்துதான்.
யார் மேலும் குற்றமில்லை.
அண்ணன் மோதிரம் தம்பி விரலில்.

பஞ்சரான டியூப் ஒன்று ஆணியில் தொங்கியது.
இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரித்தேன்.
ஒரு சுற்று போதவில்லை, இரண்டு சுற்று.
அதன் மேல் வளையம், வளையத்தில் திருகாணி.
எஸ்கோ கை தட்டினான்.
டியூபின் உள்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி
எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

திங்கட்கிழமை, பாலத்தின் நடுவில்,
விளக்கு மறுபடி தலை கவிழ்ந்தது.
இறங்கினேன். கையுறையைக் கழற்றினேன்.
பத்து நொடி வரை விரல்கள் என்னுடையவை,
அதற்குப் பிறகு யாருடையவையோ.
திருகாணி நழுவி விழுந்தது,
பனியில் சத்தமே இல்லாமல்.

விளக்கை மாட்டும் ஆணியைத் தேட
விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு
நான் மண்டியிட்டிருந்தபோது
எதிரே வந்தது அந்த வெளிச்சம்.
மூன்று வாரமாக என் கண்ணைக் கூசவைத்து,
நான் வாய்க்குள் திட்டித் தீர்க்கும் அதே வெளிச்சம்.
வண்டியில் செய்தித்தாள் கட்டுகள்.
விளக்கு மட்டும் வானத்தைப் பார்த்தபடி,
நட்சத்திரங்களுக்குப் பேப்பர் போடுகிறவளைப் போல.

அவள் நின்றாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.
முகத்தை மூடிய கம்பளித் துணியோடு
என் பக்கத்தில் மண்டியிட்டாள்.
ஆணி அவள் கையில்தான் அகப்பட்டது.
ரப்பரை உரித்து முகர்ந்தாள்,
"பொடியைத் துடைக்கலையா?" என்றாள்.
பனியை அள்ளி, தேய்த்து,
தன் சட்டை நுனியில் ஈரம் போக ஒற்றி,
திரும்பச் சுற்றினாள்.
முறுக்கினாள். ரப்பர் ஓரமாய்ப் பிதுங்கியதும்
நிறுத்தினாள்.

பிறகு உள்ளங்கையை விளக்கின் மேல் வைத்து
பலமாய் ஓரமாகத் தள்ளினாள்.
ஹேண்டில்பாரே திரும்பியது,
விளக்கு இடம் மாறவில்லை.
"இது போதும்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும் நான்.
வாயில் வந்தது வேறு:
"உங்க விளக்கு ரொம்ப உயரம்."
அவள் திரும்பி அதைப் பார்த்தாள்,
பாலத்துக்கு அப்பால் பிர்ச் மரங்களின்
உச்சிக்கிளை வரை போயிருந்த ஒளியை.
"இத்தனை நாளா யாரும் சொல்லலியே."
சொல்லவில்லைதான். திட்டினேன், சொல்லவில்லை.

ஒரு விரற்கடை தாழ்த்தினோம்.
வெளிச்சம் மரத்திலிருந்து இறங்கி
பாதைக்கு வந்து படுத்துக்கொண்டது,
பனியில் தூவிய சரளைக்கல்
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் கொடுத்து.

அன்று எனக்கு ஒன்பது நிமிடம் தாமதம்.
ஏலக்காய் பன்னுக்கு வைத்த மாவு
பாத்திரத்தை மீறிப் பொங்கியிருந்தது.
தபானி எதுவும் சொல்லவில்லை,
கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

இங்கெரி என்பது அவள் பெயர்.
செய்தித்தாள் பெட்டியில் எழுதியிருந்தது.
மறுநாள் மூன்று பத்துக்கு
முதன்முறையாக அந்த வெளிச்சத்துக்குப் பின்னால்
முழுசாக ஒரு முகம் தெரிந்தது:
துணி மோவாய்க்கு இறங்கியிருந்தது,
மூக்குக் கண்ணாடி, மேலே உறைபனி.
என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள்.

தலையசைத்தாள்.
நானும்.
விளக்கு அசையவில்லை.