மழைக்கு ஒரு கட்டம்

வட்டவளையில் மண்சரிவு.
சாரதி தவராசா
பழைய பழக்கத்தில்
எனக்குத்தான் அழைக்கிறான்,
இரவு ஒன்றேகாலுக்கு.
பின்னால் நாலு டன் லீக்ஸ்.

இரண்டு லொறியோடு ஹட்டனில் தொடங்கியபோது
அவன் மகளின் காய்ச்சல்கூட எனக்குத் தெரியும்.
இப்போது நாற்பது.
பதினேழுக்குப் பிறகு
என் தலையில் எதுவும் நிற்பதில்லை.

நானே தேடி எடுத்த முகாமையாளர்
எதிர் மேசையில்,
கொழும்புச் சட்டைக்கு மேல்
என்னிடம் இரவல் வாங்கிய சுவெட்டர்.
அவரது அட்டவணையில் எல்லாம் உண்டு,
மழைக்குத்தான் கட்டமில்லை.

போனை நீட்டினேன்.
"தவராசா, நான் இம்தியாஸ்."
பிறகு கையால் பொத்திக்கொண்டு என்னிடம்:
"நோட்டன் பக்கம் போகலாமா?"
"போகலாம். பாலத்தடியில மெதுவா."

அப்படியே சொன்னார்.
'மெதுவா'வை மட்டும்
இரண்டு தரம்.