தினம் நடப்பதற்கு ஒரு ‘ஸ்’

மூணு மணிக்கு அவர் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
ரப்பர் பால் வெட்டக் கிளம்பியதும்
கருங்கல்லில் எங்கள் வீடு
இங்கிலீஷ் பேசத் தொடங்கும்.

ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்காருவேன்.
வியாழக்கிழமை வரப்போகும் ஆடிட்டர் அதுதான்.
வெள்ளையாக, உயரமாக,
எதைச் சொன்னாலும் ம்ம்ம் என்கிறது.
திடீரென்று நிறுத்திவிட்டு யோசிக்கவும் செய்கிறது.

மேனேஜர் தந்த தாளில்
பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு பதில்.
எல்லாம் தமிழ் எழுத்தில்.
யெஸ் சார், க்ளவ்ஸ் கிவன்.
யெஸ் சார், டூ டைம்ஸ் டீ.
நோ சார், நோ ப்ராப்ளம்.
அண்டியாபீஸில் நூற்று நாற்பது பெண்களில்
பன்னிரண்டாம் கிளாஸ் வரை போனவள் என்று
என்னைப் பிடித்தார்கள்.
“சிரிச்சிட்டே சொல்லணும், கேட்டியா புஷ்பலெட்?”

மலையாளம் இப்படிப் பாடு படுத்தியதில்லை.
கொல்லத்து முதலாளி பேசப் பேச
கொல்லாம்பழக் கறைபோல
தானாக வந்து ஒட்டிக்கொண்டது.
இதற்கோ வாயையே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.
பேக்டரி இல்லை, ஃபேக்டரி.
மேல்பல் கீழுதட்டைத் தொட்டு ஊத வேண்டும்.
பள்ளிக்கூடத்தில்
எஃகு, அஃது என்ற இரண்டு சொல்லுக்காகச்
சும்மா உட்கார்ந்திருந்த மூன்று புள்ளிக்கு
இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது.
ஃபேக்டரி. ஃபேக்டரி. ஃபிங்கர்.

சுவருக்கு அந்தப் பக்கம் லில்லிபாய்.
வேலையிலும் அவள் எனக்கு அடுத்த பலகைதான்.
காலையில் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்:
“என்னளா, பெந்தெகொஸ்துல சேந்தாச்சா?
ராத்திரி பூரா அன்னிய பாஷ கேக்குது.”
“ஆமா, ஆவி எறங்கியாச்சு” என்றேன்.
“அப்ப எங்களுக்கும் சேத்துச் செபி.”

மகளின் ஏழாம் வகுப்பு கிராமர் புத்தகத்தை எடுத்தேன்.
தினம் நடக்கிற காரியமென்றால்
வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு ஸ் சேர்க்க வேண்டுமாம்.
சூரியன் உதிக்கிறது, ரைஸஸ்.
பசு புல் தின்கிறது, ஈட்ஸ்.
கீழே காலியிடத்தில் அவள் பென்சிலால் எழுதி
டீச்சர் சிவப்பில் சரி போட்டது:
வாட்டர் பாய்ல்ஸ்.

தாளுக்குத் திரும்பினேன்.
க்ளவ்ஸ் கிவன்.
யார் கொடுத்தார், எப்போது, எத்தனை நாளைக்கு
எதுவுமே அதற்குள் இல்லை.
சாமர்த்தியமான சொல்.
போன ஆடிட்டுக்குக் கொடுத்தது உண்மை.
மத்தியானம் கார் கேட்டைத் தாண்டியதும்
ஜோடி ஜோடியாக எண்ணித் திரும்ப வாங்கியதும் உண்மை.

ஃபிரிட்ஜ் நின்றது.
அது நின்றபிறகுதான்
வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்ததென்று தெரிந்தது.
கையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
தோட்டெண்ணெய் தின்ற பெருவிரல்.
ரேகை போய்,
ரேஷன்கடை மெஷின் மூன்று மாதமாக
நான் நானில்லை என்கிறது.
எண்ணெய் பட்டால் எப்படி இருக்குமென்று
தமிழில்கூட நான் சொன்னதில்லை.
இங்கே எல்லா வீட்டிலும் ஒருத்திக்குத் தெரியும்.
தெரிந்தவளிடம் என்னத்தைச் சொல்ல?

சார், ஆயில்.
சார், ஆயில் பர்ன்.
இல்லை, தினம் நடக்கிற காரியம்.
பர்னுசு.
பர்ணஸ்.
ர், ன், ஸ் மூன்றும் ஒரே மூச்சில் சேர்வதற்குள்
பால்காரரின் பைக் போய்விட்டது,
பள்ளிவாசல் பாங்கும் முடிந்துவிட்டது.
பர்ன்ஸ்.

பதிமூன்றாவது பதில்.
அதற்கு ஏற்ற கேள்வி தாளில் இல்லை.
மேனேஜர் பக்கத்தில்தான் நிற்பார்.
லில்லிபாய்க்கு லோன் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.
வியாழக்கிழமை என் வாயிலிருந்து எது வருமோ
எனக்கே தெரியாது.

ஃபிரிட்ஜ் மறுபடி முனகத் தொடங்கியது.
மேனேஜர் சொன்னதுபோல்
சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.
வரவில்லை.
இரண்டு உதடும் மூடித் திறந்தால்தான்
அந்த ப வருகிறது.