தீ என்றால் குடை

பசீனில் குடைக்குத் தீ என்று பெயர்.
பழத்தையும் கிட்டத்தட்ட அப்படியேதான் சொல்வார்கள்,
நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் கொஞ்சம் வைத்து.
பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வந்த என் தம்பி
வாசலில் நின்று ‘தீ, தீ’ என்று கத்த
அம்மா குடத்துத் தண்ணீரோடு ஓடிய கதை
எங்கள் தெருவில் இன்னும் செலாவணியில் இருக்கிறது.

பட்டறையில் என் பெயர் மா ஏ மூ.
கோயில் ரசீதில் அஞ்சலாட்சி.
இரண்டு பேருக்கும் ஒரே மூங்கில் சிராய்,
வலது பெருவிரல் நகத்தடியில்.

ஒரு குடைக்கு முப்பத்திரண்டு கம்பி என்போம்.
கம்பி ஏது, எல்லாம் மூங்கில்தான்.
நாள் முழுக்கக் கம்பி எண்ணுகிறவள் என்று
என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.
ஒரே கழியிலிருந்து பிளந்து
பிளந்த வரிசை கலையாமல் கட்டிவைக்க வேண்டும்.
கலைந்தால் குடையை மடக்கும்போது
ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது,
பாகம் பிரித்த பங்காளிகள் மாதிரி.

துணியை இழுத்து ஒட்டியபின் சாறு.
காயாகவே இடித்து மாதக்கணக்கில் ஊறவைத்தது.
அந்த நாற்றத்துக்கு
இரண்டு மொழியிலும் எனக்குச் சொல் இல்லை.
நீராகாரமும் நனைந்த நாயும்
ஒரே பாயில் படுத்தால், அது.
ஒரு கை பூசி வெயில். மறு கை, மறுபடி வெயில்.
ஐந்தாம் கையில் வெள்ளைத் துணி தேயிலைக் கறையாகும்;
தண்ணீர் அதன்மேல் உருண்டு நின்று
உள்ளே வர வழி கேட்கும்.

பொருளாளர் வயிரநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.
கரகத்துக்குக் குடை.
ரங்கூனில் நைலான், ஜரிகை வைத்து, பாதி விலை தெரியுமா?
தெரியும், வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.
அப்புறமும் நின்றார்.
வெள்ளையாய் வேண்டும், நனையவும் கூடாது.
வெள்ளையாய் இருந்தால் நனையும், ஐயா.
அம்மன் பழுப்புக் குடையில் வருவாளா?
அவள் நிறத்தை நீங்கள் பார்த்ததில்லையா என்றேன்.
முன்பணத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

பங்குனியில் மழை கிடையாது.
அன்று வந்தது.
குழியில் புளியங்கட்டை வெந்து கங்காகி,
காப்புக் கட்டிய நாற்பத்தொரு பேர்
ஆற்றங்கரையிலிருந்து ஈர மஞ்சளோடு வரும் நேரம்.
முதல் துளிக்குக் குழி ‘சொய்’ என்றது.
என் குடை ஒன்று. குழி இருபதடி.

பட்டறை இரண்டு தெரு தள்ளி.
பிக்குகளுக்கான செங்காவிக் குடைகளை
முற்றத்திலிருந்து உள்ளே வாரிக்கொண்டிருந்தார்
முதலாளி ஊ மியா சான்.
மூச்சு வாங்க, வாயில் வந்ததைச் சொன்னேன்:
தீ வேண்டும், தீ அணைகிறது.
எந்தத் தீயை எந்த மொழியில் சொன்னேனோ.
அவருக்கு எது புரிந்ததோ.
இருபத்தாறு குடைகள் கிளம்பின,
அவர் தோளில், மகள் தோளில், மருமகன் தோளில்,
கால் ஊனமான கடைசல்காரன் தோளில் இரண்டு.

குழியின் இரு கரையிலும் நின்று
உயர்த்தி, நீட்டிப் பிடித்தோம்.
மேலே மழை, கீழே கங்கு,
நடுவில் எங்கள் பழச்சாறு.
சூட்டில் அது மறுபடி நாறியது
சந்தனத்தை, சாம்பிராணியை, எல்லாவற்றையும் தள்ளிவிட்டு.
எதிர்க்கரையில் வயிரநாதன், வேட்டி முழங்காலில்,
கண்ணில் புகை,
‘சாய்க்காதே, சாய்க்காதே’ என்று எனக்கே பாடம்.
முகங்களைக் குடை மறைத்தது.
பாதங்கள் மட்டும் போயின.
கை பழக்கத்தில் ஆளுக்கு ஒன்றாய் எண்ணினேன்,
முப்பத்திரண்டில் ஒரு முடிச்சு,
மீதி ஒன்பது.

மறுநாள் விகாரைக்குப் போக வேண்டியவற்றில்
ஏழு குடைகளுக்கு உட்புறம் புகை.
துடைத்தோம், போகவில்லை.
ஊ மியா சான் ஒன்றை விரித்துத் தலைகீழாய்ப் பார்த்தார்,
முகர்ந்தார்,
விலையைக் குறைக்கவில்லை.

அம்மன் குடையில் ஒரு மூங்கில் நுனி கருகியிருந்தது.
மாற்ற, அதே கழியின் துண்டு வேண்டும்.
தேடி எடுத்துச் சீவி வைத்திருக்கிறேன்.
வயிரநாதன்தான் வாகன அறைச் சாவியைத் தர மாட்டேன் என்கிறார்.
அது அப்படியே இருக்கட்டுமாம்.