எச்ச வரம்பு

காவேரிப்பட்டணம் கூழ் ஆலையில்
ஏற்றுமதிக் காகிதம் என் பொறுப்பு.
பழம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது,
பழத்தின் எண் தெரியும்.
பெங்களூரா என்றால் விழிக்கிற சுங்க அதிகாரி
ஆறு இலக்கம் சொன்னால் தலையாட்டுவார்.
எந்தத் தோப்பு, எந்தத் தேதி,
எத்தனை சூட்டில் எத்தனை நொடி வெந்தது…
என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள்கூட
இத்தனை கேட்கவில்லை.

மார்ச்சில் ராட்டர்டாமிலிருந்து மின்னஞ்சல்.
எண்பது பீப்பாய். நிறுத்திவைக்கப்பட்டது.
பூச்சிமருந்தின் எச்சம், கிலோவுக்கு
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று மூன்று மில்லிகிராம்.
வரம்பு
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று.

கடைசியில் நிற்கிற அந்த மூன்றை
சந்தூருக்குப் போய்
திம்மராயனிடம் எப்படிச் சொல்வது?
"எச்சம்னா, காக்கா போடறதா?" என்றார்.
லாரி நிறையப் பழத்தில்
ஒரு சிட்டிகை உப்பு மாதிரி என்றேன்.
"கரிக்குமா அது?"
கரிக்காது. எந்திரத்துக்குத் தெரியும்.

அவர் அடிக்கவே இல்லையாம்.
பக்கத்துத் தோப்பில் அடித்தார்களாம், விசைப்பம்பு வைத்து,
காற்று இந்தப் பக்கம் திரும்பிய ஒரு மத்தியானம்.
"வரப்புக்கு அந்தாண்ட அவன் மருந்து,
இந்தாண்ட என் மரம்.
காத்துக்கு ஏதும்மா வரப்பு?"

வரப்பு என்கிறார் அவர்,
வரம்பு என்கிறது காகிதம்.
ஒரே சொல்தான்.
ஒன்றின்மேல் செருப்போடு நடக்கலாம்.

ஜெனீவாவில் ஒரு குழு இருக்கிறது.
எந்த நாடும் இப்படி ஒரு வரம்பை மாற்றுமுன்
மற்ற நாடுகளுக்குச் சொல்ல வேண்டும்,
கருத்துக் கூற அறுபது நாள் தர வேண்டும்.
பழைய கோப்புகளில் தேடினேன்.
முறையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்,
ஆறு வருடத்துக்கு முன், தை மாதம்.
தோப்பெல்லாம் பூத்துக் கிடந்த நேரம்.
அந்த அறுபது நாளில்
பூ பிஞ்சாகி
பிஞ்சு கோலிக்குண்டாகி
பாதி உதிர்ந்தது,
மீதி காம்பைப் பிடித்துக்கொண்டது.
சந்தூரிலிருந்து யாரும் கருத்துச் சொல்லவில்லை.
கேட்டதாகவும் யாருக்கும் நினைவில்லை.

அழிப்பதா, திருப்பி அனுப்புவதா?
கட்டத்தில் டிக் போடச் சொன்னார்கள்.
வரட்டும் என்றார் முதலாளி.
ஆனியில் சென்னைத் துறைமுகம் வழியாக
எண்பதும் வந்து இறங்கின,
கடல் இரண்டுமுறை தாண்டியும்
ஒரு நெளிவு விழாத நீலத் தகரம்.
அந்த வாரமே புதுச் சீட்டு ஒட்டினோம்.
நான்தான் அச்சடித்தேன்.
உள்நாட்டு விற்பனைக்கு.
இங்கே வரம்பு வேறு.
யாரும் எதையும் மீறவில்லை.

அதுவரை எனக்கு ராட்டர்டாம்மேல்தான் கோபம்.
வெள்ளைக்காரன் வயிறென்ன கண்ணாடியா என்று
ஆய்வகத்து இத்ரீஸிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.
அவர் சிரிக்காததை
அன்று நான் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பேருந்துக்கு நிற்கையில்
என் மகள் சுடர்விழி
பத்து ரூபாய் மாம்பழச்சாற்றை
குழல் கரகரக்கும்வரை உறிஞ்சினாள்.
டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
சர்க்கரை எழுதியிருந்தது, சக்தி எழுதியிருந்தது,
ஒரு மஞ்சள் சூரியன்கூட இருந்தது.
"என்னம்மா தேடற?"
ஒரு எண்ணை, என்றேன்.
கணக்குப் பாடம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று காலை புது அறிவிப்பு வந்திருக்கிறது.
வேறு நாடு, வேறு மருந்து.
கடைசித் தேதிக்கு ஐம்பத்தேழு நாள்.
படிவத்தில் பெயர், நாடு, நிறுவனம் என்று கட்டங்கள்;
தோப்புக்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.
எதற்காக எழுதுவது,
வரம்பைத் தளர்த்தச் சொல்லியா,
எங்களுக்கும் அதையே வைக்கச் சொல்லியா?

திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
பின்னால் தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம்.
"காத்து அடிக்குதும்மா,
காய் பொறுக்கிட்டிருக்கேன்.
அப்பறம் பேசு."